அடியிலிருந்து இழுக்குதவன்

ஏலே பேராண்டி, தானாக் கெட்டிக்கிடுத ஷூ வேணும்னு உங்கப்பன்ட்ட கேட்டியாமே? கேளுலே, நல்லாக் கேளு. குனிஞ்சு ஒரு துரும்பெடுக்காத வம்சம் நம்மது, உனக்கு மட்டும் எதுக்கு அந்தப் பாடு?

அதோட பூர்வீகம் தெரியுமாலே? 1989ல அமெரிக்காவுல 'பேக் டு த பியூச்சர்' ரெண்டாம் பாகம்னு ஒரு படம். 2015க்குத் தாவிப் போன பய கால நுழைச்சதும் நைக்கி ஷூ தன்னால இறுகும். சனம் வாயப் பொளந்துட்டு. உள்சங்கதி என்னன்னா, மேடைக்கு அடியில ஆளு பதுங்கி நின்னு நாடாவ இழுத்தது. பொம்மலாட்டந்தான், ஆனா இழுக்குதவன் கீழ.

2016ல நைக்கிக்காரனுவ நெசமாவே செஞ்சுட்டானுவ. ஹைப்பர்அடாப்ட்னு பேரு, 720 டாலர். குதிகால் பட்டதும் சின்ன மோட்டார் கயித்த இழுத்துரும். 2019ல கூடைப்பந்துக்காரனுக்கு அடாப்ட் பிபி, 350 டாலர். போன்ல ஆப்ப அமுக்கி இறுக்கலாம், தளத்தலாம். சார்ஜ் ஏத்த ஷூவுக்குத் தனிப் பாய் வேற. நான் படுக்கப் பாய் கேட்டு எத்தன நாளாச்சு, உங்கப்பன் காதுல விழுதா?

அந்த வருசமே ஆப்ப அப்டேட் பண்ணப் போயி, ஆண்ட்ராய்டு போன்காரனுவ சிலபேரு ஷூ செத்த எலி மாதிரிக் கெடந்துச்சு. 2024 ஆகஸ்டுல கம்பெனிக்காரன் ஆப்பையே கடையிலருந்து எடுத்துட்டான். ஷூவுல பட்டன் இருந்ததால பொழச்சுது. அன்னைக்கு மேடைக்கு அடியிலருந்து இழுத்தான், இன்னைக்கு கம்பெனிக்காரன் அமெரிக்காவுல ஓரிகன்லருந்து இழுக்கான். துட்டு உன்னுது, கயிறு அவன் கையில.

கை நடுங்குத மனுசனுக்கு இது பெரிய ஒத்தாசைலே, அதுல கேலி கெடையாது. படத்துல அந்த ஷூவப் போட்ட மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கே பின்னால பார்க்கின்சன் வந்துட்டு. படத்துல வந்த மாதிரியே தானா இறுகுத ஷூ 89 ஜோடி 2016ல செஞ்சு, வந்த பணத்த அவரு அறக்கட்டளைக்குத்தான் குடுத்தாவ. உனக்கு என்னலே நோக்காடு? நாளெல்லாம் போனத் தடவுத வெரலு ஒரு முடிச்சுப் போடாதோ?

சரி, வாங்கணும்னு நின்னா வாங்கு. ஆப் இல்லாம வேல செய்யுமான்னு மொதல்ல கேட்டுக்க. கோயிலுக்கு மட்டும் போட்டுட்டுப் போயிராத. அம்புட்டுத் துட்ட வாசல்ல கழத்திப் போட்டுட்டு உள்ள போனா கண்ண மூடிக் கும்பிட முடியுமாலே? போயே ஆவணும்னா என்னையும் கூட்டிட்டுப் போ, காவலுக்கு உக்காந்துக்கிடுதேன். மணிக்கு அம்பது ரூவா, காப்பி தனி.