கான்டெக்ஸ்ட் சார்

கிளை நூலகம் என்று ஒன்று இருந்தால் அங்கே இவர் ஒருவர் இருப்பார். ரிட்டயர் ஆனவர், நூலகர் சாவியோடு வருவதற்கு முன்பே வாசலில் நிற்பவர், ஆங்கிலப் பேப்பரை மத்தியானம் வரை யார் கைக்கும் விடாதவர். அலமாரியில் லிஃப்கோ அகராதி தடியாக உட்கார்ந்திருக்கிறது. தொடமாட்டார். அகராதி பார்ப்பது அவரைப் பொறுத்தவரை பரீட்சையில் பிட் அடிப்பதற்குச் சமம். "முன்னே பின்னே படிச்சா வார்த்தை தானே அர்த்தம் சொல்லும். எல்லாம் கான்டெக்ஸ்ட்!"

தெரியாத வினைச்சொல் எதிர்ப்பட்டால் ஆள்காட்டி விரல் அதன்மேல் நிற்கும். உதடு முணுமுணுக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். அது நாலு சுற்று சுற்றுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

எதிர்க்கட்சி பட்ஜெட்டை 'ஃப்ளே' செய்ததாக ஒரு தலைப்பு. "ஃப்ளேம்னா நெருப்பு. ஆகவே, கொளுத்திட்டாங்க." உண்மையில் அது தோலை உரிப்பது. ஆனாலும் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஒரு பக்கம் எதிர்க்கட்சி, மறுபக்கம் பட்ஜெட் என்றால் நடுவில் எந்த வினைச்சொல்லைப் போட்டாலும் செய்தி ஒன்றுதானே?

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் அவரைக் கவிழ்க்கும். வீட்டுக் கடன் 'சாங்ஷன்' ஆன நாளிலிருந்து அந்தச் சொல்மீது அவருக்குத் தனிப் பாசம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும், அமெரிக்கா ரஷ்ய வங்கிகளை சாங்ஷன் செய்தது என்று பேப்பரில் வந்தது. "பேங்குக்கே லோன் குடுத்திருக்கான்யா!" ஆகாதவனுக்கு யாராவது கடன் கொடுப்பார்களா என்று நூலகர் மெல்லக் கேட்டார். "அதுக்குப் பேர்தான் ராஜதந்திரம்."

இவரைப் பார்த்து ஒரேயடியாகச் சிரித்துவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் சொல்ல, அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்றிருக்கிறார்கள். உடனே விவாதத்துக்கு எடுப்பது என்பது பிரிட்டிஷ்காரர்கள் அர்த்தம். கிடப்பில் போடுவது என்பது அமெரிக்கர்கள் அர்த்தம். கடுமையாக வாதாடி ஓய்ந்த பிறகே, இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்று தெரிந்ததாக சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். தாய்மொழிக்காரர்கள் பாடே இப்படி.

ஒருநாள் தையல்கடைக்காரர் வங்கிக் கடிதத்தோடு வந்தார். அபராத வட்டியை 'வேவ்' செய்திருப்பதாக அதில் இருந்தது. கண்ணாடி கழன்றது. "வேவ்னா அலை. வட்டி அலை அலையா ஏறிடுச்சு தம்பி. நிக்காதே, ஓடு!"

பாவம், கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பினார். "சார், வட்டி மொத்தமும் தள்ளுபடியாம்!"

"பின்னே? நான் விரட்டினதாலதானே போய்க் கேட்டே?"