கொழுப்பு குறைந்த குடும்பம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர் இரண்டு தட்டுகளில் இருக்கிறது. கீழ்த்தட்டில், மூடி சரியாகப் பொருந்தாத எவர்சில்வர் பாத்திரத்தில் இருப்பது குடும்பத்துக்கு. மேல்தட்டில் இளஞ்சிவப்புக் கப்பில், ‘லோ ஃபேட்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, ஸ்ட்ராபெரி படத்தோடு இருப்பது எனக்கு. வீட்டில் தொப்பை உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்தத் தனி மரியாதை.

டாக்டர் சொன்னது ‘எடையைக் குறையுங்கள்’ என்று இரண்டே சொல். அதற்கு ‘ஸ்ட்ராபெரி தயிர் சாப்பிடுங்கள்’ என்று உரை எழுதியது என் சொந்தப் புலமை. ‘தினமும் நடங்கள்’ என்றும் பொருள் கொள்ளலாம்தான். முழங்கால் சம்மதிக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் கப்பைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை என்றால் பின்பக்கம் மொய் நோட்டு. உண்மை அங்கேதான் இருக்கும்.

“அப்பா, எடை அதிகமானதை முதல்ல போட்டு, அந்த வரிசையிலதான் எழுதணும். பாலுக்கு அடுத்தது சர்க்கரை. ஸ்ட்ராபெரி எங்கேன்னு தேடுங்க.”

கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். கடைசி வரியில், ‘மணமூட்டி’ என்ற புனைபெயரில் இருந்தது.

100 கிராமில் கொழுப்பு ஒன்றரை கிராம். சர்க்கரை 14. பாலில் இயற்கையாக உள்ள லாக்டோஸுக்கு 5 கிராம் தள்ளுபடி கொடுத்தாலும் மீதி 9, அதாவது இரண்டு டீஸ்பூன், கொட்டிக் கலந்தது. காபியில் அரை ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துவிட்டு, அதைக் காண்பவரிடமெல்லாம் தியாகம்போல் சொல்லித் திரிகிறவன் நான். வெறும் முழுப்பால் தயிரில் 60 சொச்சம் கலோரி. என் மேல்தட்டுச் சீமாட்டியிடம் 90.

தயிரையும் குறை சொல்லக் கூடாது. கொழுப்பை எடுத்தால் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும், வழவழப்பும் போய்விடும். புளிப்பை அடக்கச் சர்க்கரை. கெட்டியாக நிற்க ஸ்டார்ச்சும் பெக்டினும். கிராமுக்கு 9 கலோரி உள்ளதை வெளியேற்றிவிட்டு, 4 கலோரி உள்ளதைக் கூட்டத்தோடு குடிவைக்கிறார்கள்.

மகள் அதோடு விடவில்லை. திட உணவில் 100 கிராமுக்குக் கொழுப்பு 3 கிராமைத் தாண்டாவிட்டால் ‘லோ ஃபேட்’ போட்டுக்கொள்ளலாம் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியாம். நாங்கள் வாங்கும் நீல நிற ஆவின் பாக்கெட், சமன்படுத்திய பால். அதில் கொழுப்பு 3 சதவீதம். அதைக் காய்ச்சி, ஆடையை வழித்தெடுத்த பிறகுதான் என் மனைவி உறை ஊற்றுகிறாள். ஆக, கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் லோ ஃபேட் தயிர்தான். நெற்றியில் எழுதாததால் எனக்குத் தெரியவில்லை. (தயிர் திடமா திரவமா என்று சட்டம் பேசலாமே என்று யோசித்தேன். என் மனைவி ஊற்றும் தயிரைக் கத்தியால் வெட்டலாம். வழக்கு நிற்காது.)

“அப்ப வழிச்ச ஆடையெல்லாம் எங்கேம்மா போகுது?” என்றாள் மகள்.

மோர்க்குழம்பு, மழை, மாமா பெண் கல்யாணம் என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். ஆடையைச் சேர்த்து வைத்து, வாரக் கடைசியில் கடைந்து, முருங்கைக்கீரை போட்டு உருக்குவதும், அது யார் தட்டில் பருப்பு சாதத்தின் நடுவே குளமாக நிற்கிறது என்பதும் தெருவுக்கே வாசனையால் தெரியும்.

“என்னங்க,” என்றாள் மனைவி, நெய் ஜாடியைத் துடைத்தபடி. “இதுக்கும் ஒரு ஸ்ட்ராபெரி படம் ஒட்டிடவா?”