தும்மினால் நூறு!

கேள்வி: விடிந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். ஆபீஸுக்குப் போனால் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வாஸ்து பார்க்கலாமா?
- தும்மல் ராஜா, திருச்சி

பதில்: வாஸ்துவை விடுங்கள், மெத்தையைப் பாருங்கள். தூசியில் வாழும் 'டஸ்ட் மைட்' என்ற உண்ணிக்குப் பிடித்த குடியிருப்பு அதுதான். ராத்திரி முழுக்க அதில் முகம் புதைத்தால் காலையில் மூக்கு பேசத்தான் செய்யும். ஆபீஸில் தூக்கம் உண்டு, மெத்தை இல்லையே! தும்மலுக்கு அதுதான் காரணமா என்பதை டாக்டர் ஒரு தோல் பரிசோதனையில் சொல்லிவிடுவார்.

கேள்வி: பெட்ஷீட்டைத் தினமும் உதறுகிறேன். ஒரு பூச்சிகூட விழவில்லையே?
- சந்தேகப் பிராணி, சேலம்

பதில்: விழுந்தாலும் தெரியாது. உயரம், அகலம் எல்லாம் சேர்த்துக் கால் மில்லிமீட்டர்தான். எட்டுக் கால், சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. நாம் உதிர்க்கும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. கடிக்கத் தெரியாது. உங்களை ஏதாவது கடித்திருந்தால் அது மூட்டைப்பூச்சி. அது வேறு கேஸ்.

கேள்வி: கடிக்காத ஜீவன் மேல் ஏன் பழி?
- ஜீவகாருண்யன், சிதம்பரம்

பதில்: சாப்பிட்டால் கழிவும் உண்டல்லவா? அந்த எச்சத்தில் உள்ள புரதம் மூக்கில் ஏறினால்தான் வம்பு. 'வீட்டுத் தூசி ஆகவில்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உண்ணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள். ஆண்டு 1964.

கேள்வி: மெத்தையை வெயிலில் போடு என்கிறார் மாமியார். குழந்தையின் கரடி பொம்மையை ஃப்ரீசரில் வை என்கிறார் கணவர். யார் கட்சியில் சேர?
- நடுவில் நிற்பவள், நாகர்கோவில்

பதில்: கூட்டணி ஆட்சிதான் நல்லது. உண்ணி தண்ணீர் குடிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதன் பாடு திண்டாட்டம். அதனால் மாமியாருக்கு ஒரு மார்க். ஃப்ரீசரில் ஒரு நாள் கிடந்தாலும் சாகும். கணவருக்கும் ஒரு மார்க். ஆனால் இந்த யானை இருந்தாலும் தும்மல், இறந்தாலும் தும்மல்! பிணமும் எச்சமும் அங்கேயேதானே கிடக்கும்? ஆகவே பொம்மையைத் துவையுங்கள். பெட்ஷீட், தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் போட்டால் சாவும் அடக்கமும் ஒரே நடையில் முடியும்.

கேள்வி: கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சுத் தலையணை, 22 வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது. தூக்கிப் போடலாமா?
- பழைய மாப்பிள்ளை, பரமக்குடி

பதில்: அதற்குள் உண்ணிகளுக்குப் பல நூறு கல்யாணம் ஆகியிருக்கும். வழியனுப்பிவிடுங்கள். புதியதற்கும் மெத்தைக்கும் உண்ணி புகாத, நெருக்கமாக நெய்த ஜிப் உறை போடுங்கள். ஏர் ப்யூரிஃபையருக்கு எடுத்து வைத்த பணம் இதற்கே போகட்டும். இந்தத் தூசி கனமானது. கிளம்பினாலும் சீக்கிரம் கீழே படிந்துவிடும். மெஷினுக்குப் போவதற்குள் உங்கள் மூக்குக்கு வந்திருக்கும்.

கேள்வி: அலர்ஜி உள்ளவர் வீடு பெருக்கக் கூடாதாமே? மனைவி நம்ப மறுக்கிறார்.
- அப்பாவி, அம்பத்தூர்

பதில்: உண்மைதான், பெருக்கினால் தூசி கிளம்பும். ஈரத் துணியால் துடைத்தால் கிளம்பாது. ஆகவே துடைப்பத்தை வைத்துவிட்டு மாப்பை எடுங்கள். இந்தப் பதிலை மனைவியிடம் தாராளமாகக் காட்டலாம்.

கேள்வி: ஒரேயடியாக ஒழிக்க வழி?
- பொறுமை இழந்தவர், போரூர்

பதில்: நமக்குத் தோல் உதிரும்வரை அதற்குப் பந்தி உண்டு. கூட்டத்தைக் குறைக்கலாம், ஊரைக் காலி செய்ய முடியாது. அப்படியும் அடங்காத மூக்குக்கு டாக்டரிடம் ஸ்பிரே இருக்கிறது. வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் இம்யூனோதெரபியும் இருக்கிறது. இழுப்பு வந்தால் மட்டும் மெத்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டர்.

கேள்வி: எழுந்ததும் படுக்கையை மடிக்காதது நல்லதாமே?
- கல்லூரி மாணவன், கோவை

பதில்: வியர்வை ஈரம் காயக் கொஞ்ச நேரம் விரித்து வைப்பது நல்லதுதான். சாயங்காலம் வரை விரிந்தே கிடந்தால் அந்தப் பழியை உண்ணி மேல் போடாதீர்கள்.