பட்டாணி டின்னுக்கு ஜாதகம் கணித்துத் தருக

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது டெல்லி.

பொருள்: ஒரு பட்டாணி டின்னுக்கும் ஒரு கார்ன்பிளேக்ஸ் பெட்டிக்கும் நட்சத்திரம் பார்த்துச் சொல்லக் கோருதல்.

ஐயா,

வடலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உணவுப் பொட்டலத்தின் முகப்பில் அரையிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடலாம் என்று 2022 செப்டம்பரில் வரைவு வெளியிட்டீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுவின் பரிந்துரையை மூன்று மாதத்தில் தரச் சொன்னது. பிறகு அவகாசமும் நீண்டது. நல்ல காரியத்துக்கு நாள் பார்ப்பது எங்கள் பக்கமும் உண்டுதான். ஆனால் என் கடை அலமாரியில் தகராறு முற்றிவிட்டது.

மேல்தட்டில் கார்ன்பிளேக்ஸ். அட்டை முழுக்க வைட்டமின், இரும்பு, போலிக் அமிலம். கீழ்த்தட்டில் பட்டாணி டின். ஃப்ரைடு ரைஸ் கடைக்காரரைத் தவிர யாரும் சீந்துவதில்லை. கொதித்த கொதியில் வைட்டமின் சி கணிசமாகப் போனது, பச்சையும் மங்கியது, போதாததற்கு உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. எல்லாம் உண்மை. ஆனாலும் நார்ச்சத்தும் புரதமும் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கின்றன. உப்பும் அலசினால் ஓரளவு இறங்கும்.

பெட்டிக்குள் போன மக்காச்சோளம் முதலில் தவிட்டையும் முளையையும் இழந்தது. வெந்தது, நசுங்கியது, வறுபட்டது. வைட்டமின் தனியாக ஏறியது. சேர்த்ததற்கு விழுக்காடு போட்டிருக்கிறார்கள். எடுத்ததற்கு ஒரு வரி இல்லை. சில பெட்டிகளில் பாலோடு சேர்த்துக் கணக்கு. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு பாலுடையது. பால்காரர் பெயர் மட்டும் அட்டையில் இல்லை.

சில வகைகளில் சேர்ப்பது இரும்புத் தூளேதான். நொறுக்கித் தண்ணீரில் கலந்து காந்தம் காட்டினால் ஒட்டிக்கொண்டு வரும். இதைச் சத்தமாகச் சொல்லவே பயமாக இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். பூமிக்குள் எதுவும் கிடைக்கும் என்றால் நிலம் எடுப்பு நோட்டீஸ் வரும் ஊர் இது. அலமாரிக்கும் வந்துவிடப் போகிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் புலால் தொடாதவன். பி12 பட்டாணியில் மருந்துக்கும் கிடையாது. சத்தேற்றிய பெட்டியில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் வரைவின் கணிதம்தான் எனக்குப் பிடித்தது. சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்பு ஆகியவை தோஷம். நார்ச்சத்து, புரதம், பருப்பு, காய்கனி ஆகியவை பரிகாரம். பரிகாரம் செய்தால் தோஷம் கழியும். ஆகவே சர்க்கரைப் பெட்டிக்காரர் கொஞ்சம் முந்திரியைத் தூவி நட்சத்திரத்தை உயர்த்திக்கொள்ளலாமா என்று அருள்கூர்ந்து தெரிவிக்கவும். முந்திரிக்கு இங்கே பஞ்சமில்லை, பண்ருட்டி பக்கம்தான்.

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் ஒரு வேளைக்கு 30 கிராம் என்ற அளவு. இங்கே சத்திய தருமச்சாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே பந்தியில் 30 கிராம் வைத்தால், உப்பு பார்க்கக் கொடுத்தார்கள் என்று நினைத்து இலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்.

இப்படிக்கு,
மளிகைக்காரன், வடலூர்.

பி.கு.: வாசலில் கரிசலாங்கண்ணி விற்கும் அம்மா தன் கட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார். பொட்டலம் இல்லாததற்கு ஜாதகம் கிடையாது என்றேன். வாழைநாரால் கட்டியிருப்பது பொட்டலக் கணக்கில் வருமா என்கிறார். தெளிவுபடுத்தவும்.