கூரைமேல் ஒரு தோணி

பெங்களூரில் ஐடி சம்பளம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் மனுஷனுக்கு மூன்றில் ஓர் ஆசை வரும். சக்லேஷ்பூரில் காபித் தோட்டம், புல்லட்டில் லடாக் பயணம், அல்லது சொந்தமாக ஒரு கயாக். முதல் இரண்டு வகையினரை வீட்டார் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மூன்றாமவர்தான் சிக்கல். படகு வாங்கிவிடுகிறார், ஊரில் ஆறு கிடையாது.

கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. குடிக்கிற காவிரித் தண்ணீரே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரெக்காடனஹள்ளியில் தொடங்கி ஹாரோஹள்ளி, தாதகுணி என்று ஒவ்வொரு இடமாகப் பம்பு வைத்து ஏற்றப்பட்டு வருகிறது. நம்மவர் அதே கனகபுரா சாலையில் எதிர்ப்பக்கமாகப் படகைக் கொண்டுபோகிறார். ஆறு குழாயில் ஊருக்கு வர, படகு காரில் ஆற்றுக்குப் போகிறது. ஹாரோஹள்ளிப் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிச் செல்கின்றன.

பக்கத்திலேயே ஏரி இல்லையா என்று கேட்கலாம். பெல்லந்தூர் ஏரி அவர் பால்கனியிலிருந்தே தெரியும். நுரை பொங்கி ரோட்டுக்கு வந்த ஏரி அது. 2015லும் 2018லும் தீப்பிடித்து எரிந்த ஏரி. அதில் இறங்குகிறவருக்கு லைஃப் ஜாக்கெட்டைவிடத் தீயணைப்பான்தான் முக்கியம்.

ஆகவே சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் பயணம் ஆரம்பம். ஆரம்பம் என்றால் கட்டுவது ஆரம்பம். கயாக் பத்தடி நீளம், இருபத்தைந்து கிலோ. அவருடைய தார் ஜீப்பின் உயரம் ஆறடிக்கு மேல். கேரியரும் படகும் ஏறிவிட்டால் பேஸ்மென்ட் கூரையில் ஓடும் குழாய்கள் தட்டும். அதனால் வண்டியை வெளியே எடுத்துவந்து, கேட்டுக்கு முன்னால் தெருவிளக்கடியில் கட்ட வேண்டும். செக்யூரிட்டி டார்ச் பிடிப்பார். மனைவி பால்கனியில் நின்று, "ஏங்க, கத்தாதீங்க, எல்லாரும் தூங்கறாங்க" என்று கத்துவார்.

கட்டுவதில் அவர் ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறார். படகைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடுவில் இரண்டு பெல்ட், முன்மூக்குக்கும் பின்மூக்குக்கும் தனித்தனிக் கயிறு. அதிகம் இறுக்கினால் வெயிலில் பிளாஸ்டிக் இளகிப் பள்ளம் விழும். தளர்த்தினால் நைஸ் ரோட்டில் பறக்கும். பட்டை பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டாவிட்டால், எண்பதைத் தொட்டதும் காற்று அதில் அடித்து ஊய்... என்று கனகபுரா வரைக்கும் ஊளையிடும். இதெல்லாம் நிஜம்தான். வேலை நேர்காணலுக்கு வந்த பையனிடம் இருபது நிமிஷம் இதை விளக்கியதுதான் அதிகம்.

வழியில் சிக்னலுக்குச் சிக்னல் விசாரணை. ஆட்டோக்காரர் தண்ணீர்த் தொட்டி என்பார். டீக்கடையில் ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். டிராபிக் போலீஸ் மட்டும் படகைப் பார்க்காமல் வால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு அளவுமீறித் துருத்தினால் இருபதாயிரம் ரூபாய் அபராதம். அதற்காகவே மனைவியின் பழைய சிவப்பு ஜாக்கெட் துணி ஒன்று பின்மூக்கில் ஆடிக்கொண்டிருக்கும். சட்டத்தில் அதற்கு என்ன மதிப்போ, அவருக்கு அது தாயத்து.

இப்போது காரவன் வாங்கியிருக்கிறார். டெம்போ டிராவலரை உள்ளே உடைத்துக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் வைத்தது. கூரையில் ஏற்கெனவே ஏசியும் சோலார் பலகையும் குடியிருக்க, படகுக்கு இடமில்லை. அமெரிக்க வீடியோக்களில் வண்டிக்குப் பின்னால் கயாக்கைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டுகிறார்கள். இங்கே அப்படிக் கட்டினால் முதல் ரயில்வே பாலத்தடியிலேயே படகு பாதியாகும். பக்கவாட்டில் மாட்டினால் இருபதாயிரம். கடைசியில் படகு உள்ளே வந்தது. கட்டிலில் மாமியார், நடைபாதையில் கயாக், கயாக்குக்குள் நம்மவர். அதில்தான் தூங்குகிறாராம். முதுகுக்கு நல்லதாம்.

காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரியில் அரசாங்கத்தின் ஜங்கிள் லாட்ஜஸ் இருக்கிறது. கயாக், பரிசல் எல்லாம் அவர்களே வைத்திருக்கிறார்கள். கைவீசிக்கொண்டு போனால் போதும். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், ஒரு மாதம் பேசமாட்டார். ஒருநாள் அந்தப் பக்கத்துக் கரையில் அவர் படகை வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பரிசல்காரர் முழுப் பரிசலையும் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவந்தார். ஆமைக்குக் கால் நீண்டதுபோல. இறக்கினார், ஆளேற்றினார், போய்த் திரும்பினார். அப்புறம் கன்னடம் பாதி தமிழ் பாதியாகக் கேட்டார்: "சார், ரிப்பேரா?"

தண்ணீரில் அவர் இருந்த நேரத்தைக் கணக்கெடுக்காமல் இருப்பதே நாகரிகம். மூன்று மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார். இருட்டுமுன் கட்டி முடிக்க வேண்டுமே.

ஆனால் எந்தப் படகுக்கும் ஒரு காலம் வரும். 2022 செப்டம்பரில் வந்தது. கொட்டித் தீர்த்த மழையில் வெளிவட்டச் சாலையே ஏரியாகி, கோடீஸ்வரர்களும் கோடர்களும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போனார்கள். மீட்பு ரப்பர் படகுகள் குடியிருப்புகளுக்குள் வந்தன. அபார்ட்மென்ட் மொத்தமும் நம்மவர் கதவைத் தட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாசலுக்கே தண்ணீர் வந்திருக்கிறது, படகு எங்கே?

பேஸ்மென்டில். தூணோடு சேர்த்து இரண்டு பெல்ட், இரண்டு கயிறு, முறுக்கிக் கட்டியது. பக்கெட், பந்து, யாரோ ஒருவருடைய கேஸ் சிலிண்டர், எல்லாம் மிதந்தன. மிதப்பதற்கென்றே செய்த ஒரே பொருள் மட்டும் ஆறடித் தண்ணீருக்கு அடியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் டிராக்டரில் கம்பியைப் பிடித்தபடி ஆபீஸ் போகும்போது, பக்கத்தில் நசுங்கி நின்றவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்:

"இவ்வளவு வெள்ளம் சார். கட்டு ஒரு இன்ச் அசையலை."