வாங்க தம்பி, முதலில் விதிமுறையைப் படிங்க

திறந்த மூல மென்பொருள் என்றால் சம்பளம் இல்லாத வேலை என்று எங்கள் வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டி எழுதுகிறேன் என்று சொன்னதும், பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே ஓய்வுபெற்ற என் அத்தை நிமிர்ந்து பார்த்தார். "சம்பளமும் இல்ல, அதுக்குச் சட்டம் வேறயா?"

பதுளையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்குகிறோம். ஆள் போதாது. ஆள் சேர்க்கத்தான் வழிகாட்டி. ஆனால் குழு கூடித் தயாரித்த வரைவோ வந்த ஆளையும் விரட்டிவிடும். பழைய விவாதங்கள் அனைத்தையும் வாசித்துவிட்டு வரவும். ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்க வேண்டாம். புதுக் கேள்வியானால் உரிய இடத்தில் கேட்கவும். உரிய இடம் எதுவென்று கேட்க வேண்டாம். 'அன்புடன் வரவேற்கிறோம்' என்பது கடைசிப் பக்கத்தில், உரிம விவரத்துக்குக் கீழே இருந்தது.

இப்படிப்பட்ட ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பழைய எரிச்சல் உண்டு. யாரோ ஒருவர் எப்போதோ நச்சரித்திருப்பார். அவர் போய்விட்டார், கோபம் மட்டும் விதியாகத் தங்கிவிட்டது. ஒரு பாவமும் அறியாத ஹாலிஎலப் பையன் வந்து அதைச் சுமக்க வேண்டும்.

மலையகத்துக்குப் புதியவர் கையேடு ஒன்றும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே ஏ. எம். பெர்குசன் தோட்டத்துச் சின்னதுரைமாருக்கென்று பையில் வைத்துக்கொள்ளத் தக்க தமிழ் வழிகாட்டி ஒன்றை எழுதினார். பெயர் 'இங்கே வா'. சீமையிலிருந்து வந்திறங்கிய இளைஞன் முதலில் என்ன பேசப் போகிறான் என்பதை ஆசிரியர் தெரிந்தே வைத்திருக்கிறார். தோட்ட வேலைக்கு வந்த நம்மவர்களுக்குக் கிடைத்த கையேடு இன்னும் சிறியது. 1900களின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்டில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். வழிகாட்டி சுருக்கமாக இருந்தாலே போதும் என்று வாதாடிய நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

இனி மென்பொருள் பக்கம் வருவோம். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் செய்வதாகவும், அது பெரிதாக வளராதென்றும், அதில் என்ன வசதி வேண்டுமென்று யாரும் சொல்லலாமென்றும் அறிவித்தார். விதி ஒன்றும் போடவில்லை. உலகமே வந்து சேர, அதுவே லினக்ஸாக வளர்ந்தது. வந்தவர்களுக்கு அவர் எழுதிய சில மின்னஞ்சல்களைப் படித்தால் நம் கங்காணிமாரே காதைப் பொத்திக்கொள்வார்கள். 2018இல் அதற்காக மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கியும் இருந்தார். நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. ஆக, விதி தேவைப்பட்டது வந்தவருக்கல்ல, இருந்தவருக்கு.

வரைவை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "இதக் காலையில வேல பிரிக்கிற பிரட்டுல வாசிச்சா ஒருத்தரும் மலைக்கு ஏற மாட்டாங்க" என்றார்.

"புதுப் பிள்ளை வந்தா நீங்க என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"என்னத்தச் சொல்ல? என் நெரைக்குப் பக்கத்துல நிப்பாட்டுவேன். ரெண்டு எல, ஒரு மொட்டுன்னு கிள்ளிக் காட்டுவேன். கங்காணி சத்தம் போட்டா நான் பதில் சொல்லிக்குவேன்."

அந்தக் கடைசி வரி எந்த மென்பொருள் வழிகாட்டியிலும் என் கண்ணில் பட்டதில்லை. இப்போது எங்கள் வழிகாட்டி ஒரே பக்கம். முதலில் எந்தச் சொல்லைத் தமிழாக்கலாம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம், தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வார். அந்த 'யார்' என்ற இடத்தில் பெயர் எழுதக் கேட்டதும் குழுவில் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. கடைசியில் என் பெயரே விழுந்தது.

ஆகவே பசறை, லுணுகலை, ஹாலிஎலப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமாரே, கைப்பேசியில் தமிழ் தட்டத் தெரிந்தால் போதும், வாருங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கேள்வியை எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள். பதில் அன்றே வராவிட்டால் கோபிக்க வேண்டாம். சிக்னல் தேடி மேல் டிவிசனுக்கு ஏறியிருப்பேன்.