அடுத்த ஆக்டிவிட்டி சார்

பஸ் இன்னும் முழுசாக நின்றிருக்காது. சார் படியில் தொங்கிக்கொண்டே "நெக்ஸ்ட்!" என்பார். முதல் நிகழ்ச்சியே தொடங்காதபோது அடுத்தது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் குழம்பினால், உங்களுக்கு ஃபீல்ட் ட்ரிப் பற்றி ஒன்றும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்குவதே முதல் ஆக்டிவிட்டி. தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறது: 8.40 முதல் 8.45 வரை, இறங்குதல். மணி 8.46 ஆகிவிட்டது. இனி அதில் யாருக்கும் உரிமையில்லை.

சென்னையில் இருக்கிற சர்வதேசப் பள்ளிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ஐப்பசிக்குப் பிறகு பழவேற்காட்டுக்குப் பூநாரை வரத் தொடங்கும். பின்னாலேயே இவர்களும் வருவார்கள். பங்குனி வெயில் ஏறியதும் இரண்டு கூட்டமும் கிளம்பிவிடும். பள்ளி மாறும், பிள்ளைகளின் டி-ஷர்ட் நிறம் மாறும், சில வருஷம் சாருக்குப் பதில் மிஸ் வருவார். கையில் இருக்கிற அட்டையும், அதில் கிளிப் போட்ட தாளும், கழுத்து விசிலும், அந்த "நெக்ஸ்ட்"டும் மட்டும் மாறாது.

அந்தத் தாளில் எனக்கும் ஓர் இடம் உண்டு. "லோக்கல் ரிசோர்ஸ் பெர்சன் – 3 நிமிடம்." இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஊரைப் பற்றிப் பேச மூன்று நிமிடம். எலும்புக்கூட்டுக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்.

எலும்புக்கூடு என்றால் டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கி வைத்திருக்கிற இரண்டு எலும்புக்கூடுகள். பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எந்தப் பிள்ளைதான் நிற்காது? நான் என் மூன்று நிமிடத்தை ஆரம்பித்தேன். 1613-ல் இங்கே டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதையும், 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடமாக இருந்ததையும் சொன்னேன். துணி போனது, வெடிமருந்து போனது, ஆட்களும் அடிமைகளாகக் கப்பலேறி பத்தாவியாவுக்குப் போனார்கள் என்றேன்.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், வியாபாரிங்களுக்கு இவ்ளோ பெரிய கல்லறை இருக்கே. அடிமையா போனவங்களோட கல்லறை எங்க?"

எனக்கு உடம்பு ஒரு நிமிடம் சிலிர்த்தது. சாருக்கும் முகம் மலர்ந்தது. "எக்ஸலண்ட் கொஸ்டின்! இதை ரிஃப்ளெக்‌ஷன் டைம்ல எடுத்துக்கலாம். ஸ்கெலிட்டன் எல்லாரும் பாத்தாச்சா? போட்டோ எடுத்தாச்சா? நெக்ஸ்ட்!"

ரிஃப்ளெக்‌ஷன் டைம் என்பது தாளின் கடைசி வரி. பஸ்ஸில் திரும்பும்போது 3.30 முதல் 4.00 வரை. பகலெல்லாம் முளைக்கிற நல்ல கேள்விகளைச் சார் அங்கே அனுப்பிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது பள்ளிவாசலில் இருக்கிற நிழல் கடிகாரம், 10.00 முதல் 10.10 வரை. தை மாதக் கடைசி, நல்ல வெயில். சாரின் கைக்கடிகாரத்தில் மணி 10.20. நிகழ்ச்சி இருபது நிமிடம் பின்தங்கிவிட்டதே என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், இதுல மணி பத்துதான் ஆகுது."

அன்று முழுக்கச் சார் சிரித்தது அந்த ஒரு தடவைதான். தாளைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். ஊர் நேரப்படி அவர் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. ஆனால் ஏன் இருபது நிமிட வித்தியாசம் என்று பையன் கேட்டதும் சிரிப்பு மறைந்தது. என் மூன்று நிமிடம் கல்லறையிலேயே தீர்ந்துவிட்டதால் அவனுக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் கைக்கடிகாரம் காட்டுவது, வடக்கே மிர்சாப்பூர் பக்கம் போகிற 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம். பழவேற்காடு அதற்கு இரண்டு டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் இங்கே சூரியன் சுமார் ஒன்பது நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். பூமியின் சாய்வும், அது சூரியனைச் சுற்றுகிற வேகம் கூடிக் குறைவதும் சேர்ந்து தைக் கடைசியில் இன்னும் சுமார் பதினான்கு நிமிடம் பிடித்துக்கொள்ளும். ஆக இருபது நிமிடச் சொச்சம். சாரின் கடிகாரமும் சரி, பள்ளிவாசல் கடிகாரமும் சரி. ஒரு வகுப்பு முழுக்க நடத்தலாம். "ரிஃப்ளெக்‌ஷன்ல பேசலாம், நெக்ஸ்ட்!"

பூநாரைகளுக்கு இருபது நிமிடம். அவை முழங்கால் தண்ணீரில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்றுகொண்டிருந்தன. சார் விசில் ஊதினார். பறவைகள் பறந்துபோயின. அதனால் பதினாறு நிமிடம் மிச்சமானது.

மிச்சமான நேரம் மீனவரைச் சந்திப்பதற்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. "ஃபிஷர்மேன் மீட் – 7 நிமிடம்" என்று தாளில் இருந்தால் ஏழுதான். நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலை முடிந்துகொண்டிருந்த பெரியவரிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். அவர் பாடு முறையைப் பற்றி ஆரம்பித்தார். நல்லவர், ஆனால் எதையும் தாத்தா காலத்திலிருந்து தொடங்குபவர். தாத்தா முடியும்போதே நான்கு நிமிடம் போய்விட்டது. சார் அட்டையை விரலால் தட்டத் தொடங்கினார்.

"ஏரியில எறா ஓடுற எடம் எல்லாம் ஒண்ணா இருக்காது கண்ணு. ஒரு எடத்துல அள்ளும், ஒரு எடத்துல ஈ ஓட்டணும். நல்ல எடத்த நானே புடிச்சிக்கினா நீ இன்னா பண்ணுவ? அதனால ஊர் கூடி சீட்டுப் போட்டு, இன்னிக்கு ஒனக்கு, நாளைக்கு எனக்குன்னு சுத்து வலை கட்ட மொற வச்சிருக்குறோம்."

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்குப் பரம்பரையாக வருகிற உரிமை இது. மீன்வளத்தை மக்கள் தாங்களே பங்கிட்டுக்கொள்வது பற்றி எழுதுகிற ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேடி வந்திருக்கிறார்கள். பின்வரிசையில் நின்ற ஒல்லிப் பையன் கேட்டான்: "தாத்தா, பாடு இல்லாத ஊர்க்காரங்க அப்போ எங்க மீன் பிடிப்பாங்க?"

பெரியவர் வலையிலிருந்து கையை எடுத்து அவனை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஏரியில் எத்தனையோ வருஷமாக நடக்கிற தகராறெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். பதில் சொல்ல அவர் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகளும் பார்த்தார்கள். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நெக்ஸ்ட்!"

அதன் பிறகு சர்வீஸ், அதாவது தொண்டு. ஐ.பி. டிப்ளமாவில் சி.ஏ.எஸ். என்று ஒரு பகுதி உண்டு. படைப்பு, உடற்செயல்பாடு, தொண்டு மூன்றையும் குறைந்தது 18 மாதம் தொடர்ந்து செய்து, செய்ததைப் பற்றி யோசித்து எழுத வேண்டும். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. சார் அந்த 18 மாதத்திலிருந்து எங்கள் கரைக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார். பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், மூட்டையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு மதியச் சாப்பாட்டுப் பெட்டி வந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன், ஒரு தண்ணீர் பாட்டில். மூட்டை இரட்டிப்பானது. அதை எடுத்துப்போக பஸ்ஸில் இடமில்லை.

ரிஃப்ளெக்‌ஷனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பொன்னேரி தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். மீஞ்சூரில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொள்ளும்போது மீதியும் தூங்கிவிடும். அடிமைகளின் கல்லறை, இருபது நிமிட நிழல், பாடு இல்லாத ஊர் எல்லாம் அந்தப் புகையில் அமுங்கிப் போயிருக்கும். சார் மட்டும் விழித்திருப்பார். அந்த லாரிகளுக்கு நடுவிலிருந்துதான் பெற்றோர் குழுவுக்கு அவருடைய செய்தி போகும்: "பழவேற்காடு வெற்றிகரமாக முடிந்தது. வரவிருக்கும் நிகழ்ச்சிகள்: தட்சிணசித்ரா, மாமல்லபுரம், வேடந்தாங்கல்." எனக்கும் ஒரு பிரதி வரும். வேடந்தாங்கல் வரியைப் படிக்கும்போது அங்கிருக்கிற பறவைகளை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு சொன்னாலும் அவரை வெறுக்க முடியவில்லை. காரணம், தலை எண்ணுவது. இடம் மாறும்போதெல்லாம் எண்ணுவார். உதடு அசைய, விரல் நடுங்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பது வரை. ஒரு தடவை முப்பத்தொன்பதில் நின்றபோது மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. கழிப்பறைக்குப் போயிருந்தவள் வந்து சேர்ந்த பிறகும் மறுபடி எண்ணினார். இப்போது நாற்பத்தொன்று. அதற்கும் அதே அளவு பயந்தார். பார்த்தால், எங்கள் குப்பத்துப் பொடியன் ஒருவன் ஜூஸ் டப்பாவுக்கு ஆசைப்பட்டு வரிசையில் நின்றிருந்தான். சார் அவனை விரட்டவில்லை. "நீ எந்த செக்‌ஷன்பா?" என்று கேட்டுவிட்டு, தன் பங்கு ஜூஸை அவன் கையில் கொடுத்தார். அன்று அவர் மதியம் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் வாந்தியெடுத்த பிள்ளையின் தலையைப் பிடித்தவர் அவர். "என் பொண்ணு சன்ஸ்க்ரீன் போட்டாளா?" என்று கேட்ட தாய்க்குப் பதில் அனுப்பியவரும் அவர்தான். நாற்பது வீட்டின் பயத்தையும் ஒரே அட்டையில் கிளிப் போட்டுக்கொண்டு வருகிறவர் "நெக்ஸ்ட்" என்று சொல்லாமல் வேறு என்னதான் சொல்வார்? எதுவும் நடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பாவம்.

ஆனால் தாளில் ஒரு வரி இருந்தது: "1.30 – 2.15, போட் ரைடு."

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிப்போன படகு இங்கே கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகு ஓட்டத் தடை வந்தது. இதைச் சொல்லி அந்த வரியை அடியுங்கள் என்றேன். சார் என்னைத் தனியே கூப்பிட்டு, "பேரன்ட்ஸ்கிட்ட பணம் வாங்கியாச்சு. லைஃப் ஜாக்கெட் நாங்களே கொண்டு வந்திருக்கோம். யாராவது சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவாங்களா?" என்றார். நாற்பது தலையை நடுங்கி நடுங்கி எண்ணுகிற அதே மனிதர். படகுக்காரனுக்கு நான்கு காசு கிடைக்கும், அவனும் ஒத்துக்கொள்வான். ஏதாவது ஆனால் சிக்குபவன் அவன்தான். படகு வரவில்லை. நான் வரவிடவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தை நிரப்பச் சார் வேறு ஒன்று கண்டுபிடித்தார்: "விமன் இன் ஃபிஷிங் – இன்டர்வியூ." ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிற வேலை. கையில் சிக்குகிற இறால் நேரே பறிக்குள் போகும். வலை கிடையாது, படகு கிடையாது, பாடும் கிடையாது. அந்த ஒல்லிப் பையனின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே தண்ணீருக்குள் நின்றது. சார் கரையிலிருந்து விசில் ஊதி ஓர் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் பல்லிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு, ஈரச்சேலையோடு கரையேறி வந்தார். அச்சடித்த ஐந்து கேள்வியில் முதல் கேள்வி, "இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

தண்ணீர் வற்றியிருக்கிற நேரத்தில்தான் அவருக்கு வேலை. ஏற்றம் வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். கேள்விக்கும் போட்டோவுக்கும் பொறுமையாக நின்றார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள், சார் "தேங்க் யூம்மா, நெக்ஸ்ட்!" என்றார். யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்பதல்ல. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு வாடகை உண்டு, சாப்பாட்டுப் பெட்டிக்குக் காசு உண்டு, பாடமாக வந்து நின்றவருக்கு மட்டும் கைதட்டல்.

ஆகவே அடுத்த தாள் தயாரிக்கிற சாருக்கு ஒரு விண்ணப்பம். பதினான்கு ஆக்டிவிட்டி வேண்டாம், மூன்று போதும். விடிவதற்குள் வந்தால் மீன் ஏலம் பார்க்கலாம். பெரியவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். தாத்தாவைத் தாண்டிப் பேரன் வரைக்கும் வந்துவிடுவார். படகு என்ற வார்த்தையே தாளில் இருக்கக் கூடாது. தண்ணீரில் வேலை செய்கிறவரைக் கரைக்குக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அன்றைய கூலியை உறையில் போட்டு முதலில் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் உங்கள் ஐந்து கேள்வியைக் கேளுங்கள்.